எண்ணெய் பூசப்பட்டவர்: 'கிறித்தவர்' என்ற சொல்லும் நம் சாதிச் சான்றிதழும்



நாம் கூடியிருக்கும் இந்த ரமணாசிரமப் பகுதியிலிருந்தே தொடங்குவோம். ஆன்றி லெ சோ என்ற பிரெஞ்சுத் துறவி 1949இல் இங்கே வந்து ரமணரைக் கண்டார். 1952 முதல் சில ஆண்டுகள் வந்து வந்து இம்மலைக் குகைகளில் தங்கினார். காவி உடுத்தி, அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். ஆனாலும் கத்தோலிக்கத் துறவியாகவே இறந்தார்.

நம் தலைப்புக்கான பொருள் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 'அபிஷிக்த' என்றால் அபிஷேகம் பெற்றவர். எபிரேயத்தில் மெசியா என்பதும் கிரேக்கத்தில் கிறிஸ்து என்பதும் எண்ணெய் பூசப்பட்டவர் என்ற அதே பொருள்தான். பழைய இஸ்ரவேலில் அரசருக்கும் குருவுக்கும் எண்ணெய் பூசினார்கள். அந்தப் பட்டத்தை ஒரு தச்சருக்கு, அதுவும் அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொல்ல ரோமானியர் வைத்திருந்த சிலுவையில் மாண்டவருக்குக் கொடுத்ததுதான் இந்த மதத்தின் தொடக்கம். நம் முன்னோரை இழுத்ததும் இதுவே.

'கிறித்தவர்' என்ற பெயர் பின்னால் வந்தது. சீடர்கள் முதன்முதலில் அந்தியோக்கியாவில் அப்படி அழைக்கப்பட்டார்கள் என்கிறது அப்போஸ்தலர் பணி நூல். புதிய ஏற்பாடு முழுவதிலும் மூன்றே இடங்களில்தான் அச்சொல் வருகிறது. ஊரார் இட்ட பெயராகத்தான் அது தொடங்கியிருக்க வேண்டும். ஊரார் இட்ட பெயரைச் சுமப்பது எப்படி என்று சேரிக்குத் தெரியும்.

நம் நாட்டில் அந்தப் பெயர் ஒரு சட்டக் கோடாகவும் ஆனது. 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் உள்ளே வந்தார்கள். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிமும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை, பட்டியல் சாதித் தொழிலாளருக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்வதைக் காட்டவில்லை என்று 1985இல் மனு தள்ளுபடியானது.

காட்ட வேண்டுமா? எறையூரில் 2008இல், தேவாலயத்தில் சம உரிமை கேட்ட தலித் கிறித்தவர்கள் தாக்கப்பட்டார்கள். தாக்கியவர்களும் கிறித்தவர்களே. கோயில் பக்கம் மட்டும் வேறா? இதே திருவண்ணாமலை மாவட்டத்தின் தென்முடியனூரில் தலித் மக்கள் அம்மன் கோயிலுக்குள் நுழைய 2023 ஜனவரி வரை காத்திருந்தார்கள், அதுவும் போலீஸ் காவலோடு. சாமி மாறினாலும் சாதி மாறவில்லை.

மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றமும் தலித் கிறித்தவருக்குப் பட்டியல் உரிமை கேட்டு 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. பத்தி அப்படியே இருக்கிறது.

பிரெஞ்சுத் துறவி மதங்களின் எல்லையைக் கடந்தபோது அதை ஆன்மிகத் தேடல் என்றார்கள். நம் பிள்ளை விண்ணப்பப் படிவத்தில் 'கிறித்தவர்' என்று எழுதினால் பட்டியல் உரிமை போகிறது. எழுதாவிட்டால் அம்மா வேண்டிய சாமியை மறைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை உண்மையை எழுதிவிட்டு உரிமையையும் பெறும் நாள்வரை இது நம் எல்லோருடைய வழக்கு.