ஒரு கோடியே 67 லட்சம் நிறங்கள் எதற்கு?

தேதி கேட்கும் பெட்டியையும் நேரம் கேட்கும் பெட்டியையும் ஆண்ட்ராய்டு தன் முதல் பதிப்பிலிருந்தே டெவலப்பர்களுக்குத் தயாராகக் கொடுத்துவருகிறது. நிறம் கேட்கும் பெட்டி, அதாவது கலர் பிக்கர், மட்டும் அந்த வரிசையில் இல்லை. விரலால் படம் வரைவதற்காக கூகுள் வெளியிட்ட மாதிரி நிரல் ஒன்றில் சிறிய நிறவட்டம் இருந்தது. அதை அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டவர்கள் பலர். ஆப்பிளும் 2020இல் ஐஓஎஸ் 14 வந்தபோதுதான் ஐபோனுக்கென ஒரு கலர் பிக்கரைக் கொடுத்தது. இந்த இடைவெளியை இலவச லைப்ரரிகள் நிரப்பின. இன்று ஒரு வரி சேர்த்தால் போதும், வானவில் வட்டமும் இழுக்கும் பட்டைகளும் கொண்ட பெட்டி செயலிக்குள் வந்துவிடும். இவ்வளவு எளிதாகக் கிடைப்பதால்தான் குறிப்பேடு, நாட்காட்டி, வீட்டுக்கணக்குச் செயலிகளிலும் அது குடியேறியிருக்கிறது. இவற்றில் பெரும்பாலான செயலிகளில் அந்த வட்டம் முதலில் கண்ணில் படவே கூடாது. செயலியை உருவாக்குபவர் சோதித்துத் தேர்ந்த பத்துப் பன்னிரண்டு நிறங்கள் முதலில் வரட்டும்; வட்டம் வேண்டுபவர் ‘மேலும்’ என்பதைத் தொட்டு உள்ளே போகட்டும்.

திரையில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். இந்த மூன்று எண்களை மாற்றி மாற்றி, வேண்டிய நிறத்தை எட்டுவது மனிதருக்கு எளிதல்ல. அதனால் 1978இல் ஆல்வி ரே ஸ்மித், பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், நிறத்தை வேறு மூன்று அளவுகளாகப் பிரித்துக் காட்டினார்: எந்த நிறம், எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு ஒளி. எச்எஸ்வி எனப்படும் இந்த முறைதான் இன்றைய கலர் பிக்கர்கள் பலவற்றுக்கும் அடிப்படை. கணக்கிடச் சுலபமானது, கண்ணின் அனுபவத்தோடு ஒத்துப்போகாதது. அடர்த்தியையும் ஒளியையும் முழு அளவில் நிறுத்திவிட்டு நிறத்தை மட்டும் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு நகர்த்திப் பாருங்கள். இரண்டும் ஒரே ஒளி அளவு என்கிறது பெட்டி. வெள்ளைப் பின்னணியில் அந்த மஞ்சள் எழுத்தின் மாறுபாட்டு விகிதம் 1.07, கிட்டத்தட்டக் கண்ணுக்கே தெரியாது. நீலத்துக்கோ 8.6. இணையத்தளங்களுக்கான அணுகல் தரநிலையின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5. முழுச் சிவப்புகூட 4ஐத் தாண்டுவதில்லை. ஆக, ஒரே ஒரு பட்டையை நகர்த்தும் பயனர், தான் எழுதியதைத் தானே படிக்க முடியாத நிலைக்குப் போய்விடலாம். பெட்டி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது.

அடுத்தது விரல். பழைய விண்டோஸில் நிறம் கேட்கும் பெட்டியைத் திறந்தவர்களுக்கு நினைவிருக்கும்: முதலில் வருபவை 48 அடிப்படை நிறக் கட்டங்கள், சொந்த நிறம் வேண்டுமானால் தனியே ஒரு பொத்தானை அழுத்தினால்தான் முழு நிறப்பரப்பு விரியும். ஒற்றைப் புள்ளியைக் குறிபார்க்க வல்ல மவுஸ் கையில் இருந்த காலத்திலேயே அந்த ஒழுங்கு இருந்தது. கைபேசிக்கு வந்தபோது கருவி தடித்தது, ஒழுங்கு தலைகீழானது. தொடுமிடம் 48 டிபி (திரையின் புள்ளி அடர்த்தியைச் சாராத அளவு அலகு) அகலமாவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் பரிந்துரை. ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர். பெட்டிக்குள் 300 டிபி அகலத்தில் ஒரு நிறப்பட்டை இருந்தால், அந்த 48 டிபிக்குள் நிறவட்டத்தின் 360 பாகையில் 58 பாகை அடங்கிவிடும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே உள்ள தொலைவே 60 பாகைதான். போதாததற்கு, தொடும் இடத்தை விரலே மறைத்துக்கொள்கிறது.

இவ்வளவு சிரமப்பட்டுத் தேர்ந்த நிறம் நிலையாக நிற்கிறதா என்றால், அதுவும் இல்லை. 1996இல் முன்மொழியப்பட்ட எஸ்ஆர்ஜிபி அளவுகோலை நம்பி எழுதிய எண்ணை, 2016இன் ஐபோன் 7 முதல் பரவிய விரிந்த நிறத் திரைகளில் செயலி சரியாக மாற்றித் தராவிட்டால் வேறு அடர்த்தியில் தெரியும். இரவில் நீலத்தைக் குறைக்கும் வசதி மொத்தத்தையும் மஞ்சளாக்கும். இவற்றைவிடப் பெரிய சிக்கல் டார்க் மோடு. 2019இல் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 இரண்டிலும் வந்த அந்த வசதி, பின்னணியைக் கறுப்பாக்கி முன்பு சொன்ன கணக்கைத் தலைகீழாக்குகிறது: கறுப்பின் மேல் மஞ்சளின் விகிதம் 19ஐத் தாண்டும், நீலம் 2.4இல் விழும். பகலில் பயனர் ஆசையாகத் தேர்ந்த நீலம் இரவில் மறைந்துபோகும். நிறத்தின் எண்ணைச் சேமிக்காமல் ‘நீலம்’ என்ற பெயரைச் சேமித்தால், வெள்ளைக்கு ஒரு நீலம், கறுப்புக்கு வேறொரு நீலம் எனச் செயலி மாற்றிக்கொள்ளலாம். சோதித்த தொகுப்பில் இது எளிது; எங்கோ விரல் நின்ற ஒரு புள்ளியில் கடினம்.

பெயருக்கு இன்னொரு பயனும் உண்டு. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்குச் சுமார் எட்டுப் பேருக்கு நிறக்குறைபாடு இருக்கிறது. மற்ற பல மக்களிடையே விகிதம் குறைவு என்றாலும், கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் கைபேசியில் அது சிறிய எண்ணிக்கை அல்ல. கூகுள் காலண்டர் நிகழ்வுகளுக்கு நெடுங்காலம் கொடுத்துவந்தவை பதினொரு நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் தக்காளி, வாழைப்பழம், மயில் என்பதுபோல ஒரு பெயர். பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் இந்தப் பெயரைச் சொல்லும். வட்டத்தைப் பற்றி அது என்ன சொல்ல முடியும்?

பயனரின் சுதந்திரத்தில் கைவைக்க டெவலப்பர் யார் என்று கேட்பார்கள். வட்டத்தை ஒழிக்கச் சொல்லவில்லை, ஒரு தொடுகை தள்ளி வைக்கச் சொல்கிறேன். பன்னிரண்டுக்கு மேல் பிரிவுகள் வைத்திருப்பவர் என்ன செய்வார் என்பது இன்னும் கூர்மையான கேள்வி. சின்னஞ்சிறு வட்டப்புள்ளிகளாகப் பட்டியலில் வரும்போது இருபது நிறங்களைக் கண் பிரித்தறியத் திணறும். அங்கே தேவை இருபத்தோராவது நிறமல்ல, ஒரு சின்னமோ எழுத்தோ. ஓவியச் செயலிகளின் கதை வேறு. அங்கே நிறமே வேலை, முழுப் பரப்பும் வேண்டும்தான். ஆனால் துல்லியமாக ஒரு நிறம் வேண்டும் லோகோ வடிவமைப்பாளரும் ஜவுளி வடிவமைப்பாளரும் வட்டத்தில் தேடமாட்டார்கள். ஆறு எழுத்து ஹெக்ஸ் குறியீட்டை ஒட்டுவார்கள், அல்லது படத்திலிருந்து சொட்டுக்குழாய்க் கருவியால் உறிஞ்சுவார்கள். வட்டத்தை மட்டும் வைத்துவிட்டு இவை இரண்டையும் விட்டுவிடும் பெட்டிகள் தொழில்முறையாளருக்கும் உதவுவதில்லை.

சுதந்திரத்தையும் வாசிப்புத்திறனையும் சேர்த்தே தர வழி இருக்கிறது என்பதற்கு 2021இன் ஆண்ட்ராய்டு 12 சான்று. பயனரின் வால்பேப்பரிலிருந்து நிறத்தை எடுக்கும் அந்த ஏற்பாட்டின் பின்னே, கண் உணரும் வெளிச்சத்தைத் தனி அளவாக வைத்த ஒரு நிறமுறை இயங்குகிறது. அதில் இரண்டு நிறங்களின் வெளிச்ச அளவு 50 புள்ளிகள் விலகியிருந்தால் 4.5 என்ற விகிதம் உறுதி. பயனர் நிறத்தைச் சொல்கிறார், வெளிச்சத்தைச் செயலி பார்த்துக்கொள்கிறது. கலர் பிக்கர்களும் இந்த வழிக்கு வந்திருக்க வேண்டும். பெரும்பாலானவை இன்னும் 1978லேயே நிற்கின்றன.

எப்படியும் பெட்டியைச் சேர்த்தே தீர வேண்டும் என்பவர்கள் சில இடங்களைக் கவனிக்கலாம். பழைய நிறமும் புதிய நிறமும் அருகருகே தெரியட்டும். ‘ரத்து’ என்றால் பழையது பிழையின்றித் திரும்பி வரட்டும். கைபேசியைத் திருப்பினால் ஆண்ட்ராய்டு வழக்கமாகத் திரையை மறுபடி உருவாக்கும். தேர்ந்த நிறத்தைச் சேமித்து வைக்காவிட்டால் அது போய்விடும். ஆண்ட்ராய்டின் நிற எண்ணில் முதல் எட்டு பிட்டுகள் ஒளிபுகாத அளவைக் குறிப்பவை. அவற்றைப் பூச்சியமாக விட்டால் நிறம் சரியாக இருந்தும் எதுவும் தெரியாது, காரணம் புரியாமல் பாதி நாள் போகும். கடைசியாக, பெட்டியை வெளியிடும் முன் டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் செயலியில் பச்சையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.