முதுமையிற் சிறுநீர்த் தடை: சத்திரசிகிச்சை வேண்டுவது எப்போது?



சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ 10 மைல். அந்தப் பயணத்துக்காக முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, பஸ் ஏறுமுன் இருமுறை சலம் கழித்து, இறங்கியதும் இடந்தேடி விரையும் முதியவர்கள் தென்மராட்சியிற் பலர். இரவிலே நான்கு முறை எழுந்து முற்றத்தைக் கடப்பார்கள். யாராவது கேட்டால், "வயது போனால் இதெல்லாம் இருக்குந்தானே" என்று முடித்துவிடுவார்கள். வேறு சிலரோ, சுரப்பி பருத்திருக்கிறது என்று வைத்தியர் சொன்ன அன்றே, கத்தி வைக்கப் போகிறார்கள் என்று கலங்கி உறக்கத்தை இழப்பார்கள். பொறுத்துக்கொண்டே இருப்பதும் சரியன்று, கலங்குவதும் வேண்டியதில்லை. எந்த நிலையிற் சத்திரசிகிச்சை தேவை என்பதற்குத் தெளிவான நெறிகள் உண்டு. அவற்றையே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

ஆண்களுக்குச் சலப்பையின் அடியிலே, சிறுநீர்க் குழாயைச் சுற்றிப் புரொஸ்டேற் என்னுஞ் சுரப்பி அமைந்துள்ளது. இளமையில் அதன் நிறை ஏறத்தாழ 20 கிராம். நடுவயது கடந்தபின் அது மெல்லப் பருக்கத் தொடங்குகிறது. 60 வயதளவில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இந்த மாற்றத்தைக் காணலாம். சுரப்பி பருக்கும்போது நடுவே செல்லும் குழாய் நெருக்குண்கிறது. சிறுநீர் தொடங்கத் தாமதிக்கும், தாரை மெலியும், விட்டுவிட்டுப் போகும், முடிந்தபின்னும் மீதி இருப்பது போலத் தோன்றும். இப்பருத்தல் புற்றுநோயன்று, புற்றுநோயாக மாறுவதுமன்று. ஆயினும் இரண்டும் ஒருவரிடம் ஒருங்கே இருக்கக்கூடும். ஆதலால் வைத்தியர் விரலாற் சோதிப்பதும் வேண்டியபோது இரத்தம் எடுத்துப் பார்ப்பதும் அவசியமாகின்றன.

பருமனைக் கொண்டு மாத்திரம் எதனையும் முடிவு செய்யலாகாது. சாவகச்சேரிச் சந்தையிலே பலாப்பழம் வாங்குபவர் பெரிய பழமெல்லாம் பழுத்த பழமென்று எண்ணுவதில்லை. தட்டிப் பார்க்கிறார், மணம் பார்க்கிறார். அதுபோலவே, பெரிதாகப் பருத்த சுரப்பியோடு துன்பமின்றி வாழ்பவர் உண்டு. சிறிதே பருத்த சுரப்பியால் நீர் முற்றாக அடைபட்டவரும் உண்டு. பருமன், எந்த முறையிற் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பதற்கு உதவும். செய்யவேண்டுமா என்பதற்கு அது தனியே விடையாகாது.

துன்பத்தை அளப்பதற்கு உலகெங்கும் வைத்தியர்கள் ஏழு கேள்விகளைக் கையாளுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி, மொத்தம் 35. 7 வரை இலேசானது. 8 முதல் 19 வரை நடுத்தரமானது. 20உம் அதற்கு மேலும் கடுமையானது. இவற்றோடு எட்டாவதாக ஒரு கேள்வியும் உண்டு: "இனி உமது வாழ்நாள் முழுவதும் இப்படியே இருக்குமானால் உமக்கு எப்படி இருக்கும்?" இதற்கு விடை சொல்லக்கூடியவர் நோயாளர் ஒருவரே. பெருந்தொல்லை இல்லையென்பவர் காத்திருக்கலாம். இரவில் நீரைக் குறைத்தல், மலச்சிக்கலைத் தவிர்த்தல், தடிமனுக்கு விற்கும் குளிசைகளைக் கேளாமல் விழுங்காதிருத்தல் ஆகியவை அவருக்கு உதவும். அக்குளிசைகளிற் சில திடீரென நீரை அடைக்கச் செய்வன.

தொல்லை மிகுந்தால் அடுத்த படி மருந்து. ஒருவகை மருந்து தசையைத் தளர்த்திச் சில நாட்களிலேயே பயன் தரும், தலைச்சுற்றும் தரக்கூடும். அதை உட்கொள்பவர் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குச் செல்லும்போது கண் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். மற்றொரு வகை சுரப்பியையே சுருங்கச் செய்வது. அதன் பயனை அறிய ஆறு மாதமாவது பொறுக்கவேண்டும். மருந்து உண்டும் துன்பம் தீரவில்லையாயின், சத்திரசிகிச்சையை வைத்தியரோடு பேசி நோயாளரே தீர்மானிக்கலாம்.

ஆனால் விருப்பத்துக்கு விடமுடியாத நிலைகளும் உள. நீர் அடைபட்டு, குழாய் வைத்து, மருந்தும் கொடுத்துச் சில நாட்களின்பின் குழாயை எடுத்தபோதும் நீர் போகவில்லையாயின், அது ஒன்று. தடையினாற் கிருமித் தொற்று மீண்டும் மீண்டும் வருதல், சலப்பையிற் கல் உண்டாதல், சுரப்பியிலிருந்து அடிக்கடி இரத்தம் போதல், சிறுநீரகம் பழுதுறத் தொடங்குதல் ஆகியன மற்றையவை. இந்நிலைகளில், உடல் தாங்குமாயின், சத்திரசிகிச்சையே பொதுவாகத் தக்க வழி.

இவற்றுள் மிகக் கொடியது ஓசையின்றி வருவது. சிலருக்குச் சலப்பை நோவில்லாமலே நிரம்பித் ததும்பும். இரவிலே தம்மையறியாமற் பாயை நனைப்பார்கள். வீட்டார் அதை முதுமையின் தளர்ச்சி என்று எண்ணுவர். முதியவரோ வெட்கத்தால் மறைப்பார். அதற்கிடையில் சிறுநீரகங்கள் கெட்டுக்கொண்டிருக்கும். நெடுங்காலம் விரிந்து தளர்ந்த சலப்பை, பின்னர்த் தடையை நீக்கினாலும் பழைய வலுவைப் பெறாமற் போகலாம். ஆகவே, புதிதாகப் பாய் நனைந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நீர் முற்றாக அடைபட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம்.

சத்திரசிகிச்சை முன்போல அச்சந் தருவதன்று. இந்தியாவிற் பல்லாண்டு பணிபுரிந்த அயர்லாந்து வைத்தியர் பீற்றர் பிறேயர், வயிற்றையும் சலப்பையையும் திறந்து சுரப்பியின் பருத்த பகுதியை எடுக்கும் முறையை 1901இல் வெளியிட்டார். இன்று பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே கருவியைச் செலுத்தி, தடையான பகுதியைச் சீவி எடுத்துவிடுகிறார்கள், வெளியே தழும்பிராது. ஆண்மைச் சக்தி பெரும்பாலும் குறைவதில்லை. ஆனால் விந்து வெளிவராது சலப்பைக்குள் செல்வது பலருக்கு நேரும். இதனை முன்னரே கேட்டறிந்துகொள்க. சுரப்பியின் வெளிப்பகுதி எஞ்சியிருப்பதால், பிற்காலச் சோதனையையும் கைவிடலாகாது.

1963ஆம் ஆண்டு ஒக்டோபரிலே பிரித்தானியப் பிரதமர் ஹரோல்ட் மக்மில்லனுக்கு இந்நோய் திடீரெனக் கடுமையாயிற்று. அவர் பதவியைத் துறந்தார். சத்திரசிகிச்சை நடந்தது, புற்றுநோய் இல்லையென்றும் தெரிந்தது. அதன்பின் 23 ஆண்டுகள் வாழ்ந்து 92ஆவது வயதிலேயே காலமானார். இந்நோயோடு வாழ்வு முடிந்துவிடுவதில்லை. ஆயினும் நெருக்கடியில் எடுக்கும் முடிவு வேறு, நிதானமாக எடுக்கும் முடிவு வேறு.

நிதானத்துக்கு வேண்டுவது வாய்திறந்து பேசுதலே. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அவருடைய 'இரண வைத்தியம்' 1867இல் அச்சாயிற்று. அன்றே சத்திரவைத்தியத்தைப் பேசிய மொழி நமது மொழி. சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையிலே வைத்தியரின் முன் அமர்ந்து, "எனக்குச் சலம் போக மாட்டாமல் இருக்கிறது" என்று சொல்ல அம்மொழியிற் சொற்பஞ்சம் இல்லை. நாணத்தை விட்டு அந்த ஒரு வாக்கியத்தைக் காலத்திற் சொல்லுங்கள். சத்திரசிகிச்சை வேண்டுமா, வேண்டாமா என்பது அதன்பின்னரே தெளிவாகும்.