மோர் பட்டதும் உப்பும் ரொட்டி

பினாங்கின் ஜார்ஜ் டவுன்காரர்களிடம் ரொட்டி என்றால், டிரான்ஸ்ஃபர் சாலைப் பக்கம் கிடைக்கும் ரொட்டி பெங்காலிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இந்திய முஸ்லிம் பேக்கரிகளின் கைவண்ணம் இது. சிலர் மீன் கறியில் தோய்த்துச் சாப்பிடுவார்கள்; சிலருக்கு வெண்ணெயும் காயா ஜாமும் வேண்டும். இதை உப்பவைப்பது ஈஸ்ட். மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அது வெளிவிடும் கரியமில வாயுவை, குளுட்டன் என்ற புரத வலை பிடித்துவைத்துக்கொள்கிறது. ஈஸ்ட்டை அவசரப்படுத்த முடியாது. ஆப்பமும் அப்படித்தான், முதல் நாள் இரவே மாவைக் கரைத்துப் புளிக்கவிட வேண்டும்.

காத்திருக்கவே விடாத ரொட்டி ஒன்று உண்டு: அயர்லாந்தின் சோடா ரொட்டி. மாவு, உப்பு, ஆப்ப சோடா, மோர். அவ்வளவுதான்.

1791இல் பிரெஞ்சுக்காரர் நிக்கோலா லெப்ளாங்க், சாதாரண உப்பிலிருந்து சலவைச் சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் அதிலிருந்து செய்யும் ஆப்ப சோடாவும் மெல்ல மெல்ல மலிந்து, 19ஆம் நூற்றாண்டில் ஏழை வீட்டு அடுப்படிக்கும் வந்துசேர்ந்தது. அயர்லாந்துக்கு அது வாகாக அமைந்தது. அந்த ஈரமும் குளிரும் சேர்ந்த மண்ணில் விளையும் கோதுமை மென்மையானது, குளுட்டன் குறைந்தது. ஈஸ்ட் ரொட்டிக்குச் சரிப்படாது. பண்ணை வீடுகளில் வெண்ணெய் கடைந்தபின் மோர் மிஞ்சியது. தனி அடுப்பும் தேவைப்படவில்லை. மூடி போட்ட இரும்புச் சட்டியில் மாவை வைத்து, மூடிமேலும் கங்கு போட்டுச் சுட்டார்கள். மலேசியாவில் பாகுலு பலகாரத்தைப் பித்தளை அச்சில் மேலும் கீழும் தணல் வைத்துச் சுட்ட பழைய முறையும் இதேதான்.

மோரின் புளிப்புக்குக் காரணம் லாக்டிக் அமிலம். அது சோடாவோடு சேர்ந்த நொடியே கரியமில வாயு நுரைத்துக் கிளம்புகிறது. ஒரு தேக்கரண்டி சோடா, அதாவது சுமார் 5 கிராம், முழுதும் வினைபுரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் வாயு வரும். ஆனால் 400 மில்லி கெட்டி மோரிலுள்ள லாக்டிக் அமிலம் சுமார் 3 கிராம் சோடாவுக்குத்தான் ஈடுகொடுக்கும். மிச்சம் அடுப்புச் சூட்டில் சிதைந்து சோடியம் கார்பனேட்டாக மாறுகிறது. காரம் கூடினால் ரொட்டி சீக்கிரம் சிவக்கும். வாயில் வைத்தால் சோப்பு வாடை அடிக்கும். 450 கிராம் மாவுக்குத் தட்டையாக ஒரு தேக்கரண்டி சோடாவே போதும். கரண்டியைக் குவித்து அள்ளக் கூடாது.

பினாங்கில் இதைச் செய்து பார்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது மோர். வெயிலுக்குக் குடிக்கும் நீர்மோர் உதவாது. தண்ணீர் சேரச் சேர அமிலம் நீர்த்துவிடும். உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் வேறு இருக்கும். லிட்டில் இந்தியாவில் வாங்கும் புளித்த தயிரைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கடைந்தால் சரியாக இருக்கும். மாவிலும் ரொட்டிக்கென்று விற்கும் புரதம் மிகுந்த ரகம் வேண்டாம். கடையில் கோதுமை மாவு என்று கேட்டால் தரும் சாதாரண மைதாவே நல்லது.

மாவும் சோடாவும் உப்பும் சலித்து, நடுவில் குழி பறித்து மோரை ஊற்றி, விரல்களை விரித்துக் கிளறினால் ஒரு நிமிடத்தில் சேர்ந்துவிடும். மாவு கையில் ஒட்டினால் தப்பில்லை. பரோட்டா மாவுபோல அடித்துப் பிசைந்தால் குளுட்டன் இறுகும், கிளம்பிய வாயுவும் வெளியேறிவிடும். உருட்டி, தட்டி, கத்தியால் ஆழமாகக் குறுக்கும் நெடுக்கும் கீறி, முன்கூட்டியே 200 டிகிரிக்குமேல் காய்ந்த ஓவனுக்குள் தள்ள வேண்டும். கீறல் வெறும் அழகுக்கல்ல. தடித்த நடுப்பகுதிக்குச் சூடு இறங்கவும், மேல்தோல் கண்டபடி வெடிக்காமல் விரியவும் அதுதான் வழி. முக்கால் மணி நேரத்துக்குள் வெந்துவிடும். அடியைத் தட்டினால் காலிப் பானைச் சத்தம் கேட்க வேண்டும்.

இது அன்றன்றைக்குத் தின்ன வேண்டிய ரொட்டி. கொழுப்பு அதிகம் இல்லாததால் சீக்கிரம் வறண்டுவிடும். பினாங்கின் ஈரக்காற்றில் மேல்தோலின் மொறுமொறுப்பும் நிற்காது. கெடாமலிருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைப்பதும் சரியல்ல. மாவுச்சத்து மூலக்கூறுகள் மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுவது அந்தக் குளிரில்தான் வேகமாக நடக்கும். மிஞ்சியதைத் துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்து, வேண்டும்போது எடுத்து நேராகத் தோசைக்கல்லில் வாட்டினால் அந்த இறுக்கம் பெருமளவு தளரும். பருப்புக் கறியிலோ மீன் கறியிலோ தோய்த்துச் சாப்பிட அந்தத் துண்டே போதும்.