ஆசிரியர்க்கு ஒரு பள்ளி

பூதப்பாண்டியை அடுத்து ஓடும் பழையாற்றில் சிறுவனுக்கு நீச்சல் பழக்குபவர், முதலில் அவனைத் தம் கையால் தாங்கிக்கொள்வார். கை எப்போதும் தாங்கிக்கொண்டே இருப்பின் அவன் நீந்தக் கல்லான். காலத்திற்கு முன் விலகினால் மூழ்குவான். தாங்கவும் விடவும் அறிந்த கையே கற்பிக்கும் கை ஆகும். விமானம் ஓட்டக் கற்பிப்போர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். ஆனால், வானில் பிழை நேர்ந்தால் ஆசிரியர், மாணவர் ஆகிய இருவர் உயிருக்கும் இடர் உண்டாகும்.

விமானம் ஓட்ட வல்லவர் எவரும் அதனைக் கற்பிக்கவும் வல்லவர் என்று முற்காலத்தில் கருதினர். அக்கருத்துத் தவறு என்பதை முதல் உலகப்போர் காட்டியது. போர்க்களம் காணுமுன்னரே, பயிற்சியின்போது இளைஞர் பலர் மாண்டனர். 1917-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள காஸ்போர்ட் என்னும் ஊரில், இராபர்ட் ஸ்மித்-பாரி என்னும் படை அதிகாரி புதுமுறை ஒன்றை வகுத்தார். மாணவரையே விமானியின் இருக்கையில் அமர்த்தி, இயக்கும் கருவிகளை இருவர்க்கும் அமைத்து, பேச்சுக்குழாய் வழியே கற்பிக்கச் செய்தார். இடர்களைக் கண்டு அஞ்சாமல், அவற்றினின்று மீளும் வழியை மாணவர் பழகவேண்டும் என்றார். அதற்கு ஆசிரியர்க்கே முதலில் பயிற்சி வேண்டும் என்பது அவர் கொள்கை.

இந்திய விமானப்படை 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் தோன்றியது. அதன் முதல் விமானிகள் ஐவரும் இங்கிலாந்திலுள்ள கிரான்வெல் கல்லூரியில் பயின்றவர்கள். 1947-இல் நாடு விடுதலை பெற்றபின், விமானிகளை உருவாக்கும் பொறுப்பு முழுவதும் நம்மைச் சார்ந்தது. மாணவர் பெருகினால் ஆசிரியரும் பெருகவேண்டும் அன்றோ? ஆகவே, 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் அம்பாலாவில் விமானப் பயிற்சி ஆசிரியர் பள்ளி நிறுவப்பெற்றது. 1954-இல் அது சென்னையை அடுத்த தாம்பரத்திற்கு வந்து சேர்ந்தது.

இப்பள்ளிக்கு வருவோர் முன்னரே விமானம் ஓட்டித் தேர்ந்தவர்கள். இங்கே அவர்கள் மீண்டும் மாணவராகின்றனர். கை செய்வதை வாய் அந்நொடியிலேயே விளக்கப் பழகுகின்றனர். ஒருவர் ஆசிரியராகவும் மற்றவர் மாணவராகவும் அமர்ந்து பறப்பதுண்டு. மாணவராக அமர்ந்தவர், புதியவர் செய்யும் பிழைகளை வேண்டுமென்றே செய்து காட்டுவார். பிழையைக் கண்டவுடன் கை நீட்டுதல் எளிது; மாணவர் தாமே திருத்திக்கொள்ளும்வரை பொறுத்தல் அரிது. அப்பொறுமைக்கும் எல்லை உண்டு. தரை நெருங்கும்போது ஒரு நொடி தாழ்த்தினும் மீள இயலாது. அவ்வெல்லையை அறிதலே இங்குக் கற்கும் தலையாய பாடம் ஆகும்.

பெங்களூரில் கட்டகே என்னும் அறிஞரின் தலைமையில் உருவாகி, 1951-இல் முதன்முதல் பறந்த எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் இப்பள்ளியில் பயன்பட்டது. அவர் வடிவமைத்து 1964-இல் பறக்கத் தொடங்கிய கிரண் என்னும் ஜெட் விமானமும் பின்னர் இடம்பெற்றது. விமானப்படையினரேயன்றித் தரைப்படை, கடற்படை, கடலோரக் காவற்படை ஆகியவற்றின் விமானிகளும், நட்பு நாட்டு விமானிகளும் இங்கு வந்து பயின்றுள்ளனர்.

தேர்ந்த விமானி ஒருவர் ஒரு விமானத்தையே செலுத்துவார். தேர்ந்த ஆசிரியரோ, விமானிகள் பலரை வானுக்கு அளிப்பார். மாணவர் முதன்முதல் தனியே பறக்கும் நாளில், ஆசிரியர் தம் இருக்கையை விட்டு இறங்கித் தரையில் நின்று நோக்குவார். அன்று அவ்விருக்கை வெறுமையாய் இருப்பதே அவர் உழைப்பின் பயன் ஆகும்.