பழைய காரோடு வாழ்வது – 12: ஸ்கேனர் ‘பி 0171’ என்று சொன்னால்

சென்ற வாரம் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் எங்கே இருக்கும், அதில் ஸ்கேனரை எப்படிச் செருகுவது என்று பார்த்தோம். பழைய பெட்ரோல் கார்களில் அந்த ஸ்கேனர் அடிக்கடி காட்டும் எரர் கோடுகளில் ஒன்று பி 0171. கூடவே, ‘சிஸ்டம் டூ லீன், பேங்க் 1’ என்று ஒரு வரி வரும். எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று மிஞ்சியிருக்கிறது, பெட்ரோல் போதவில்லை என்கிறது கார். நம் ஊரில் ஓடும் நான்கு சிலிண்டர் கார்களுக்குப் பேங்க் ஒன்றே ஒன்றுதான். அந்தச் சொல்லை விட்டுவிடலாம்.

இந்தக் கோடோடு ஒர்க்ஷாப்புக்குப் போகும் காரில் பெரும்பாலும் முதலில் கழற்றப்படுவது ஆக்ஸிஜன் சென்சார். காய்ச்சல் என்று காட்டிய தெர்மாமீட்டரைத் தூக்கிப்போட்டு வேறொன்று வாங்குகிற வேலை இது. சில ஆயிரம் ரூபாய் செலவாகும். கோடை அழித்துவிட்டு வண்டியைக் கொடுப்பார்கள். டேஷ்போர்டில் எரிந்த எஞ்சின் விளக்கும் அணைந்திருக்கும். ஓரிரு வாரத்தில் திரும்ப எரியும்.

அந்த சென்சார் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தச் செலவைத் தவிர்க்கலாம். 1976-ல் வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட பாஷ் நிறுவனத்தின் லாம்டா சென்சாரின் வாரிசுதான் இன்று உங்கள் சைலன்சர் குழாயில் இருப்பது. புகையில் மீதமிருக்கும் ஆக்ஸிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு ஒரு சிறு மின்னழுத்தம் தரும். ஆக்ஸிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும், பெட்ரோல் மிஞ்சினால் 0.9 பக்கம் ஏறும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த விகிதத்தை ஒட்டி நிற்பதற்காகத்தான் எஞ்சினின் கணினியான இசியு ஓயாமல் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சென்சாருக்குத் தெரிந்தது ஆக்ஸிஜன் மட்டும்தான். பெட்ரோலை அது பார்ப்பதே இல்லை. ஒரு ப்ளக் மிஸ்ஸிங் அடித்தால் அந்த சிலிண்டரின் காற்று எரியாமல் அப்படியே வெளியே வரும். எரியாத பெட்ரோலும் கூடவே வந்தாலும் சென்சார் ‘லீன்’ என்றே சொல்லும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் இருந்தாலோ பேக்கிங் போயிருந்தாலோ வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதே பொய்த் தகவல் போகும். இசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் சரியும், ப்ளக் கறுக்கும். திரையில் மட்டும் ‘லீன்’ என்றே நிற்கும். ஆகவே காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்ட் பக்கம் ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். காசு செலவில்லாத சோதனை.

அடுத்தது, என் பார்வையில் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி: ஃபியூயல் டிரிம். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று இரண்டு சதவீதங்கள் ஓடும். தன் கணக்குப்படி ஊற்ற வேண்டிய பெட்ரோலுக்கு மேல் இசியு எவ்வளவு கூட்டுகிறது என்பதே அந்த எண். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பத்துக்குள் இருந்தால் பயமில்லை. பல கார்களில் 20, 25 சதவீதத்தை ஒட்டி, இதற்கு மேல் என்னால் ஈடுகட்ட முடியாது என்று இசியு கைவிரிக்கும்போதுதான் விளக்கு எரிகிறது. அதாவது, விளக்கு எரிவதற்குப் பல மாதங்கள் முன்பே இந்த எண் ஏறத் தொடங்கியிருக்கலாம்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில் ஒரு முறை, 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தி ஒரு முறை, முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு மேம்பாலத்தில் ஏறும்போது ஒரு முறை என்று டிரிம்மைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐடிலிங்கில் எண் பெரிதாக இருந்து ஆர்பிஎம் ஏற ஏறக் குறைந்தால் இன்டேக் பக்கம் ஏர் லீக்கைச் சந்தேகிக்கலாம். ஓட்டைக்குள் நுழையும் காற்றின் அளவு பெரிதாக மாறாது. எஞ்சின் மொத்தமாக இழுக்கும் காற்று பெருகும்போது அதன் பங்கு சுருங்கிவிடும். நேர்மாறாக, ஐடிலிங்கில் அமைதியாக இருந்து மேடு ஏறும்போது எண் எகிறினால் பெட்ரோல் வரத்தில் குறை: பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர்.

யூடியூபில் இந்தக் கோடைத் தேடினால் அமெரிக்க மெக்கானிக்குகள் எல்லாரும், உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரைச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். அவர்கள் காருக்கு அது சரியான யோசனை. நம் சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றில் அந்த சென்சாரே கிடையாது. உள்ளே போகும் காற்றை நேராக அளக்காமல், இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை மேப் சென்சாரால் அளந்து, காற்று எவ்வளவு என்று கணக்குப் போடுகிற கார்கள் இவை. இவற்றில் ஹோஸ் கிழிந்து காற்று நுழைந்தால் அழுத்தமும் ஏறும். அதைப் பார்த்து இசியு பெட்ரோலையும் சேர்த்தே ஊற்றும். அதனால் ஐடிலிங் ஆர்பிஎம் ஏறுவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி, லீன் கோடு வராமலே போகலாம். மேலே சொன்ன ஏர் லீக் சூத்திரம் எம்ஏஎஃப் உள்ள காருக்குத்தான் அச்சாகப் பொருந்தும். மேப் சென்சார் காரில் லீன் கோடு வந்தால் பெட்ரோல் வரத்தையும், எக்ஸாஸ்ட் கசிவையும், மேப் சென்சாரையும் முதலில் பாருங்கள்.

மேப் சென்சாரைச் சோதிப்பது எளிது. சாவியை ஆன் செய்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். சென்னையில் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும், ஊட்டியில் 77 போல. அதைவிடத் தெளிவாகக் குறைத்துக் காட்டினால், காற்று குறைவு என்று இசியு ஏமாந்து பெட்ரோலைச் சுருக்குகிறது.

பெட்ரோல் வரத்துக்கு பிரஷர் கேஜ் வேண்டும். பல கார்களில் 3 முதல் 4 பார் வரை இருக்கும். உங்கள் மாடலுக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் உண்டு. பம்பும் ஃபில்டரும் டேங்குக்குள்ளேயே ஒன்றாக இருக்கும் கார்களில், பத்து வருடம் அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவர்களின் பம்ப் சீக்கிரம் களைக்கும், ஏனென்றால் அதைக் குளிர்விப்பதே சுற்றியுள்ள பெட்ரோல்தான்.

இனி, பலரும் கேட்கும் எத்தனால் விஷயம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்து, இன்று நாடெங்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல் ஆக்ஸிஜன். அது முழுதாக எரிய 9 மடங்கு காற்றே போதும். ஆகவே இ20 பெட்ரோலுக்கு 14.7 என்ற விகிதம் சுமார் 13.5 ஆக இறங்குகிறது. வெறும் பெட்ரோலை நினைத்து அமைத்த பழைய கார், அதே கலவைக்கு ஏறக்குறைய 7, 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் காரின் இசியு இதைத் தானே சரிக்கட்டிவிடும். ஏற்கெனவே ஃபில்டர் அடைத்து 15-ல் நிற்கும் காரை இது விளக்கு எரியும் எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும். அதனால், ‘எல்லாம் எத்தனாலால்தான்’ என்று சொல்லி அனுப்பும் மெக்கானிக்கையும் ஏற்காதீர்கள், ‘எத்தனாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை’ என்பவரையும் ஏற்காதீர்கள். டேங்கில் பல வருடம் படிந்த கசடை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்ப்பதும் உண்டு. கார்புரேட்டர் கார்களுக்கு இசியுவும் கிடையாது, விளக்கும் கிடையாது. ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் இழுவை தயங்குவதுதான் அவற்றின் எச்சரிக்கை. ஜெட் மாற்ற வேண்டியிருக்கும்.

விளக்கோடு எத்தனை நாள் ஓட்டலாம்? நிதானமாக எரிந்தால் வீட்டுக்கோ ஒர்க்ஷாப்புக்கோ பொறுமையாகப் போகலாம். மின்னி மின்னி எரிந்தால் மிஸ்ஸிங் கடுமை என்று பொருள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். உடனே ஓரம் கட்டுங்கள். இன்னொன்று, சூடான மேனிஃபோல்ட் மேல் கார்ப் கிளீனர் அடித்து ஏர் லீக் தேடும் பழக்கம் தீப்பிடிக்கும் ஆபத்துள்ளது. ஸ்மோக் டெஸ்ட் மிஷின் உள்ள இடத்துக்குப் போங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கோடை அழிக்க யாரையும் முதலில் அனுமதிக்காதீர்கள். கோடு விழுந்த நேரத்தின் ஆர்பிஎம், எஞ்சின் சூடு, டிரிம் எல்லாம் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பக்கத்தில் பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகத்தை மாற்றுவதற்கு முன்பும், “டிரிம் எவ்வளவு காட்டுது அண்ணே?” என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லி விளக்குகிற மெக்கானிக்கிடம் காரை நம்பி விடலாம்.

(அடுத்த வாரம்: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது என்று எப்போது நம்பலாம்?)