பாட்டு சுமக்கும் பாதிச் சுமை

நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அந்நாளில் ஆறு நாள் சைக்கிள் பந்தயம் நடக்கும். இரவு பகலாக வட்டமடிக்கும் வீரர்களுக்கு இடையிடையே பேண்டு வாத்தியம் முழங்கும். லியனார்ட் அயர்ஸ் என்ற அமெரிக்கர் அங்கே வேகத்தைக் கணக்கெடுத்தார். பேண்டு ஒலித்தபோது மணிக்கு 19.6 மைல், ஓய்ந்திருந்தபோது 17.9 மைல். 1911இல் இதை அவர் வெளியிட்டார்.

கால்களும் அவைதான், சைக்கிள்களும் அவைதான். கூடுதல் வேகம் எங்கிருந்து வந்தது?

களைப்பு தசையில் மட்டும் பிறப்பதில்லை. மூச்சிரைப்பு, நெஞ்சின் படபடப்பு, தொடையின் எரிச்சல் எல்லாவற்றையும் திரட்டி, ‘இவ்வளவு சிரமம்’ என்று மூளை முடிவுகட்டுகிறது. ஆனால் மூளையால் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கவனிக்க முடியாது. பாட்டு காதில் விழுந்தால் உடலின் முறையீடுகள் பின்னுக்குப் போகின்றன. மிதமான பயிற்சியில் அதே வேலை லேசாகத் தோன்றுகிறது.

தாளத்தின் பங்கு தனி. அசையாமல் உட்கார்ந்து தாளம் கேட்டாலே, அசைவுகளைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் இயங்கத் தொடங்கிவிடும். காலடி தாளத்தோடு இசைந்தால் நடை சீராகிறது. எத்தியோப்பிய ஓட்ட வீரர் ஹைலே கெப்ரசெலாசி 1998இல் பர்மிங்காம் உள்ளரங்கில் 2000 மீட்டர் உலக சாதனை படைத்தபோது, ஒலிபெருக்கியில் ஓடிய ‘ஸ்கேட்மேன்’ பாடலுக்கு ஏற்ப அடியெடுத்து வைத்தார்.

இங்கிலாந்தில் 12 மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. பாட்டுக் கேட்டபடி, தங்களுக்குப் பிடித்த வேகத்தில் அவர்கள் சைக்கிள் மிதித்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் ஒருமுறை பாடல்களின் வேகம் 10 சதவீதம் கூட்டப்பட்டது. ஒருமுறை அதே அளவு குறைக்கப்பட்டது. பாட்டு விரைந்தால் மிதியும் விரைந்தது. தளர்ந்தால் மிதியும் தளர்ந்தது. விரைந்த பாட்டில் சிரமம் சற்றுக் கூடியதாகவே அவர்கள் சொன்னார்கள். இருந்தும் அந்தப் பாட்டையே அதிகம் ரசித்தார்கள். சிரமத்தை மறக்கவைப்பதோடு பாட்டு நின்றுவிடுவதில்லை. கூடுதல் சிரமத்தையும் மனமுவந்து ஏற்கவைக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. மூச்சு முட்டும் அளவுக்கு ஓடும்போது உடலின் குரலை எந்தப் பாட்டாலும் அமுக்க முடியாது. புதிதாகப் பயிற்சி தொடங்குபவர்கள் மிதமான வேகத்தில் பாட்டோடு நடந்தால் பலன் அதிகம்.

ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2013இல் இன்னொன்றைக் காட்டினார்கள். உடற்பயிற்சிக் கருவியை இழுக்க இழுக்க இசை பிறக்கும்படி அமைத்தார்கள். வெறுமனே இசை கேட்டபோது இருந்ததைவிடக் களைப்பு குறைவாகத் தெரிந்தது. ஏற்றம் இறைத்தவர்களும் நாற்று நட்டவர்களும் பாடிக்கொண்டே வேலை செய்ததன் காரணம் இதில் விளங்குகிறது. கேட்கும் பாட்டு துணை. உடம்பே எழுப்பும் பாட்டு அதைவிடப் பெரிய துணை.