வலிக்கவில்லை என்றால் நோய் இல்லையா?

1945 ஏப்ரல் 12. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நாற்காலியில் அமர்ந்திருக்க, ஓவியர் ஒருவர் அவரை வரைந்துகொண்டிருந்தார். திடீரென்று பின்னந்தலை கடுமையாக வலிக்கிறது என்றார் அதிபர். சற்று நேரத்தில் நினைவிழந்தார். மருத்துவர் அளந்தபோது இரத்த அழுத்தம் 300/190. மூளையில் இரத்தக் கசிவு. அன்று பிற்பகலிலேயே உயிர் பிரிந்தது. வயது 63.

அந்த அழுத்தம் ஒரே நாளில் வந்ததல்ல. பல ஆண்டுகளாகவே அது ஏறிக்கொண்டிருந்தது. ஆனால், ‘வயதானால் பிரஷர் ஏறத்தான் செய்யும்’ என்று மருத்துவர்கள் பலரே நம்பிய காலம் அது. நல்ல மருந்துகளும் அப்போது இல்லை.

அந்த நம்பிக்கையை மாற்றியது ஃபிரேமிங்ஹாம் என்ற ஊர். பாஸ்டன் நகருக்கு அருகே உள்ள இந்த ஊரில், 1948-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. 5,209 பேரை ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதித்தார்கள். நோய் வந்த பிறகு காரணம் தேடுவதை விட்டு, நலமாக இருந்தவர்களைப் பின்தொடர்ந்து, யாருக்கு நோய் வருகிறது என்று பல்லாண்டுகள் பொறுமையாகப் பார்த்தார்கள். டாக்டர்கள் இன்று சொல்லும் ‘ரிஸ்க் ஃபேக்டர்’, அதாவது ஆபத்துக் காரணி என்ற சொல் பரவியது இந்த ஆய்வால்தான். அழுத்தம் ஏற ஏற, பக்கவாத ஆபத்தும் ஏறுவது தெளிவானது.

நமக்கும் பொருந்துமா?

ஃபிரேமிங்ஹாம் பெரும்பாலும் வெள்ளையர் வாழ்ந்த ஊர். மற்றவர்களுக்கு? இதற்கு விடை தேடியது இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய இந்த ஆய்வில், இந்தியா உட்பட 32 நாடுகளில் பக்கவாதம் வந்த 13,000-க்கும் மேற்பட்டவர்களை, வராத அதே அளவு பேரோடு ஒப்பிட்டார்கள்.

2016-இல் முடிவு வந்தது. பக்கவாதத்தில் சுமார் 90 விழுக்காடு பத்துக் காரணங்களோடு தொடர்புடையது: உயர் இரத்த அழுத்தம், உடற்பயிற்சி இல்லாமை, கொழுப்பு, உணவு முறை, தொப்பை, மன உளைச்சல், புகை, மது, நீரிழிவு, இதயக் கோளாறு. முதலிடம் இரத்த அழுத்தத்திற்கு. அது ஒன்று இல்லாமல் போனாலே பக்கவாதம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும் என்பது கணக்கு.

‘அப்பாவுக்கு வந்தது, எனக்கும் வரும், தலையெழுத்து’ என்போம். பரம்பரைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் இந்தப் பத்தும் நாம் மாற்றக்கூடியவை, அல்லது சிகிச்சையால் கட்டுப்படுத்தக்கூடியவை.

மலேசியாவில் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம், 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நீரிழிவில் மலாய்க்காரர், சீனரைவிட இந்தியர்களே முன்னால் நிற்கிறோம்.

‘அதான் நார்மலாகிவிட்டதே!’

வானொலியில் உடல்நலம் பற்றிப் பேசும் நாள்களில் நேயர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது: “பிரஷர் நார்மலாகிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டேன்.” நார்மலானதே மாத்திரையால்தான். நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டும் ஏறும். ஏறும்போது வலிக்காது, மயக்கம்கூட வராமல் இருக்கலாம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

அளப்பதற்கும் முறை உண்டு. அரை மணி நேரம் முன்பிருந்தே காப்பி, சிகரெட் வேண்டாம். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்காருங்கள். காலை மடித்துப் போடாமல் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் வையுங்கள். இரண்டு முறை அளந்து எழுதி வையுங்கள். வீட்டில் அளக்கும்போது தொடர்ந்து 135/85-ஐத் தொட்டால் கிளினிக்குக்குப் போங்கள்.

இது அம்மா அப்பாவுக்கு மட்டுமான வேலை அல்ல. நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து, இரவு பத்து மணிக்கு ரொட்டி சானாய் சாப்பிடும் முப்பது வயதுக்காரருக்கும்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோருக்கு அளந்து முடித்ததும், அந்தப் பட்டையை உங்கள் கையிலும் ஒருமுறை கட்டிப் பாருங்கள்.